காவியமும் ஓவியமும்

(இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



சிந்தாயாத்திரைப் பிள்ளையாரின் சந்நிதி நிழலிலே கூடியிருக்கும் இவ்வவையில் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் 'காவியமும் ஓவியமும்' என்பதாகும். ஓவியன் ஒருவன் தன் சித்திரத்துக்குரிய கருவை இலக்கியத்திலிருந்து எவ்வாறு பெறுகிறான் என்பதே நமது விசாரம். இஃது ஏதோ கொழும்பிலும் சென்னையிலும் சித்திரக் கல்லூரிகளில் பேசவேண்டிய பொருள், வெள்ளாமைக் காணிக்கு நடுவே இருக்கும் வீரமுனைக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் நினைக்கக்கூடும். பயன் உண்டு என்பதை நாம் செய்த ஒரு பிழையைக் கொண்டே சொல்லத் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் பகுதிப் பாடசாலையொன்றில் நடந்த சித்திரப் போட்டிக்கு நாமும் நடுவருள் ஒருவராகச் சென்றிருந்தோம். 'கண்ணகி' என்பது தலைப்பு. பிள்ளைகள் வரைந்த படங்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாம் ஒரே படமாக இருந்தன. விரிந்த கூந்தல், உயர்த்திய கையிலே ஒற்றைச் சிலம்பு, கோபக் கண்கள், எதிரே சிம்மாசனத்தில் பாண்டியன். 1968ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலையையும், சினிமாவையும், நாட்காட்டிகளையும் பார்த்த கண்கள் வேறெதனை வரையும்?

அவற்றினிடையே ஒரு சிறுமியின் படம் மட்டும் வேறாக இருந்தது. அவளுடைய கண்ணகி ஆசனத்தில் அமர்ந்திருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. கூந்தலிலிருந்து நீர் சொட்டியது. சுற்றிலும் வேப்பிலையும் நீர்க்குடம் ஏந்திய பெண்களும். நாம் அதனைப் பார்த்து, "இது கதைக்குப் பொருந்தவில்லை" என்று சொல்லி ஒதுக்கிவிட்டோம். துப்புரவாக வர்ணம் தீட்டிய இன்னொரு படத்துக்கே முதற் பரிசு கிடைத்தது.

வீடு திரும்பும் வழியிலேதான் உறைத்தது. வைகாசி மாதத்திலே நம் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடி, முடிவிலே குளிர்த்தி செய்கிறார்களே. மதுரையை எரித்த தாயின் கோபம் ஆற நீர் சொரிகிறார்களே. அந்தக் காட்சியை அன்றோ அச்சிறுமி வரைந்திருந்தாள்! கதைக்குப் பொருந்தாதவர் நாமேயன்றி அவளல்லள். மற்றப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் படம் வரைந்தார்கள். அவள் ஒருத்தியே பாட்டைக் கேட்டுப் படம் வரைந்தாள். அந்த வேறுபாட்டை விளக்குவதே இன்றைய உரை.

அன்பர்களே, பாட்டுக்கும் படத்துக்கும் நம் தமிழ்நிலத்தில் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்தைப் பாடுகிறது. அங்கே கோயிலைச் சார்ந்த சித்திர மண்டபம் ஒன்று இருக்கிறது. வந்தவர்கள் படங்களைச் சுட்டிக்காட்டி இவர் யார், அவர் யார் என்று கேட்கிறார்கள். அறிந்தவர்கள், இவன் காமன், இவள் இரதி, பூனை உருவில் போகிறவன் இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன் என்று விடை சொல்கிறார்கள். நெடுநல்வாடையிலோ, தலைவனைப் பிரிந்த அரசி கட்டிலில் கிடந்து மேற்கட்டியிலே தீட்டியுள்ள சந்திரனையும் அவனைப் பிரியாத உரோகிணியையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள்.

இவ்விரண்டிலிருந்தும் ஓர் உண்மை புலனாகிறது. பரங்குன்றத்துச் சுவரில் இருந்தது ஒரு பூனை. அகலிகையின் கதை தெரிந்தவருக்கே அது இந்திரன். தெரியாதவருக்கு வெறும் பூனைதான். ஓவியத்தின் பாதி சுவரில் இருக்கிறது; மற்றப் பாதி பார்ப்பவர் நெஞ்சிலே, முன்பே கேட்ட கதையாக இருக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் ஓவியம் நிறைவு பெறுகிறது.

இனி, ஓவியன் இலக்கியத்திலிருந்து எதனை எடுத்துக்கொள்கிறான் என்று பார்ப்போம். கதையை எடுத்துக்கொள்கிறான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது முழு விடையாகாது. கவிஞனுக்குக் காலம் துணை. ஒரு சொல்லின்பின் ஒரு சொல்லாக, ஒரு நாளின்பின் ஒரு நாளாக அவன் நடத்திச் செல்கிறான். ஓவியனுக்குக் கிடைப்பதோ ஒரே ஒரு கணம். ஜெர்மன் நாட்டு அறிஞர் லெஸ்ஸிங் என்பவர் 1766இல் 'லவோகோவன்' என்ற நூலில் இதனை ஆராய்ந்தார். ஓவியன் தேர்ந்தெடுக்கும் கணம், முன் நடந்ததையும் பின் நடக்கப்போவதையும் தன்னுள் அடக்கிய சூல்கொண்ட கணமாக இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. நெல்லிலே பொதி கட்டும் பருவம் என்று சொல்கிறோமே, அத்தகைய கணம் என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

திருவிதாங்கூரைச் சேர்ந்த இரவிவர்மாவை எடுத்துக்கொள்வோம். 1848இல் பிறந்து 1906இல் மறைந்த அவர், காளிதாசரின் சாகுந்தலத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். துஷ்யந்தனைப் பிரிந்து தோழியரோடு நடக்கும் சகுந்தலை, காலில் தருப்பை குத்தியதாகப் பாசாங்கு செய்து நின்று அவனைத் திரும்பிப் பார்க்கிறாள். நாடகத்தில் இது சிறிய நிகழ்ச்சி. இரவிவர்மா இந்தக் கணத்தைப் பிடித்துக்கொண்டார். அப்படத்திலே கால் ஒரு திசையிலும் கண் மற்றொரு திசையிலும் போகின்றன. தோழியர் முன்னே போகிறார்கள். அவள் மனமோ பின்னே போகிறது. துஷ்யந்தன் படத்தில் இல்லை. ஆயினும் அவள் முகம் திரும்பியிருக்கும் பக்கத்தில் அவன் நிற்பதை நாம் உணர்கிறோம். நாடகத்தின் காதல் முழுவதும் ஒரு கழுத்தின் திருப்பத்தில் அடங்கிவிடுகிறது.

சகுந்தலை தாமரையிலையில் நகத்தாலே காதற் கடிதம் எழுதும் காட்சியையும் அவர் வரைந்தார். அப்படம் 1876இல் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றது. சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் பிரபு அதனை விலைகொடுத்து வாங்கினார். சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மோனியர் வில்லியம்ஸ் அதனைத் தம் நூலின் முகப்புப் படமாக்கினார். காவியத்திலிருந்து பிறந்த ஓவியம் மீண்டும் காவியத்தின் வாயிலிலே போய் நின்றது. மகள் தாய்வீடு திரும்பியது போன்றதன்றோ இது!

மேனாட்டு உதாரணம் ஒன்றும் சொல்வோம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஒபீலியா என்ற பேதைப் பெண் ஆற்றிலே மூழ்கி இறக்கிறாள். மேடையில் அந்தச் சாவைக் காட்டுவதில்லை. அரசி வந்து வாயாற் சொல்கிறாள், அவ்வளவே. ஜோன் மில்லே என்ற ஆங்கில ஓவியர், மேடையில் எவரும் காணாத அந்தக் காட்சியை 1851, 1852ஆம் ஆண்டுகளில் தீட்டினார். நீரின்மேல் மிதக்கும் முகமும், கையைவிட்டு நழுவும் மலர்களும், பாடுவது போலத் திறந்த வாயும் இன்று உலகம் அறிந்த ஓவியமாகிவிட்டன. கவிஞன் வாய்மொழியாகச் சொல்லிவிட்ட இடத்திலே புகுந்து, கண்ணுக்கு அதனைக் காட்டுவதும் ஓவியன் தொழிலாகும். ஆனால் அதற்கு அவன் நூலை ஆழ்ந்து படித்திருக்கவேண்டும். கதைச் சுருக்கம் கேட்டவனுக்கு அந்த இடைவெளி தெரியாது.

நம் சைவ உலகுக்கு வருவோம். தஞ்சைப் பெருங்கோயிலை முதலாம் இராசராசன் கட்டி 1010ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தான் என்பது யாவரும் அறிந்ததே. கருவறையைச் சுற்றிய உள் வழியின் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. அவற்றின் கீழே சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்து கிடப்பதை எஸ். கே. கோவிந்தசாமி என்பவர் 1931இல் கண்டறிந்தார். அங்கே சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளை யானைமேலும், சேரமான் பெருமாள் குதிரைமேலும் கயிலைக்குச் செல்கிறார்கள். மற்றோரிடத்தில் கிழவேதியர் ஓலையைக் கையிலே பிடித்துக்கொண்டு, நீ எனக்கு அடிமை என்று வழக்குப் பேசுகிறார். கலியாண வீட்டுச் சமையற் காட்சியும் உண்டு.

இதைக் கேட்டவுடன், ஓவியர் பெரியபுராணம் படித்து வரைந்தார் என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது 12ஆம் நூற்றாண்டிலே. தஞ்சை ஓவியமோ அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் முந்தியது! அப்படியாயின் அந்த ஓவியருக்கு ஆதாரம் யாது? சுந்தரர் தமது திருப்பாட்டுகளிலே தம் வரலாற்றுக்குரிய குறிப்புகளை வைத்திருக்கிறார். யானை பெற்றுக் கயிலைக்குச் செல்வதை அவரே பாடியிருக்கிறார். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி இருந்தது. அடியார் கதைகளை மக்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்தார்கள். ஆக, ஓவியரின் காதில் தேவாரம் ஒலித்துக்கொண்டிருந்தது. காதிலே ஒலித்தது கையிலே இறங்கியது. சேக்கிழார் தாளில் வைப்பதற்கு முன்னே பெயர் தெரியாத அந்தச் சித்திரக்காரர் சுவரில் வைத்துவிட்டார். காவியம் ஓவியத்துக்குத் தாயென்று சொல்கிறோம். இங்கே இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், மூத்தது ஓவியம்.

பெயர் தெரிந்த ஓவியரும் உளர். திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை மேல்விதானத்திலே வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது அது. சிங்காதனம் என்ற ஓவியர் தம் பெயரை அதில் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு காட்சியின் கீழும் தமிழில் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. குரங்கு முகம் படைத்த அந்த அரசன், இந்திரன் வைத்த ஏழு தியாகேசர் வடிவங்களுள் உண்மையானதைத் தேர்ந்தெடுத்த கதை கந்தபுராணம் கேட்ட நம் பெரியோருக்குத் தெரியும். ஒன்றைப் போலவே ஏழு. அவற்றுள் மெய்யானது எது? பக்தி உள்ளவனுக்கே தெரியும். ஓவியனுக்கும் இதே சோதனைதான். நூலிலே நூறு காட்சிகள் இருக்கும். உயிருள்ள கணம் எது என்று தேரவேண்டும்.

கோயிற் சுவரிலும் விதானத்திலும் இருந்த சித்திரம் நம் வீட்டுச் சுவருக்கு வந்தது எவ்வாறு? இரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக் கூடம் ஒன்றை நிறுவினார். இலட்சுமியும் சரசுவதியும் இராமனும் தமயந்தியும் வர்ணப் படங்களாக அச்சாகிப் பல்லாயிரம் வீடுகளுக்குச் சென்றார்கள். கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாதிருந்த ஏழைகளின் குடிசைக்கும் தெய்வம் போய்ச் சேர்ந்தது என்பதை நாம் நன்றியோடு சொல்லவேண்டும். அதன்பின் கோவில்பட்டியில் இருந்த கொண்டைய ராஜு அவர்களும் அவர் மாணாக்கரும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளாகத் தமிழர் வாழும் இடமெல்லாம் பரவின. கடல் கடந்து இலங்கைக்கும் வந்து நம் சுவாமி அறைகளில் இடம்பெற்றன.

நன்மையைச் சொன்னோம். இழப்பையும் சொல்லவேண்டும். இரவிவர்மா சாகுந்தலத்தைப் படித்துத் தாம் கண்ட சகுந்தலையை வரைந்தார். அஃது அவர் படித்த பயன். அந்தப் படத்தைப் பார்த்து வரைகிறவன் காளிதாசனைப் பார்க்கவில்லை, இரவிவர்மாவையே பார்க்கிறான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் தொடராக வந்தபோது மணியம் அவர்கள் படம் வரைந்தார். பின்னாளில் வேறு ஓவியர் பலர் அதே கதைக்கு வரைந்தபோதும், நந்தினி என்றால் மணியம் வரைந்த கொண்டையே பலர் கண்முன் வருகிறது. ஓர் ஓவியர் நன்றாகப் படித்துவிட்டால் அவருக்குப் பின் வருவோர் படிக்காமலே இருந்துவிடும் அபாயம் இதில் உண்டு. அடுப்பு ஒரு வீட்டிலே எரிய, ஊர் முழுவதும் அந்தச் சோற்றையே வாங்கி உண்பது போன்றது அது.

இன்றோ நிலைமை இன்னும் கடுமையாகியிருக்கிறது. கைத்தொலைபேசியில் நாலு சொல் எழுதினால் கணினியே படம் தீட்டித் தருகிறது. அது முன்னே வந்த ஆயிரமாயிரம் படங்களைக் கலந்து தரும் படம். அதனைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் வைகாசிக் குளிர்த்தியில் பாட்டியின் மடியிலிருந்து வழக்குரை கேட்ட காது அதற்கு இல்லை. அது நம் பிள்ளைகளிடம் மட்டுமே இருக்கிறது. பிள்ளைகளும் கேட்காமல் விட்டால் எவரிடமும் இராது.

நம் நாட்டிலேயே வழிகாட்டிகள் இருக்கிறார்கள். கண்டியில் 1901இல் பிறந்த ஜோர்ஜ் கீற் என்ற பறங்கியர் குலத்து ஓவியர், ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1940இல் வெளியிட்டார். அதற்குச் சித்திரங்களும் தீட்டினார். சொல் சொல்லாக மொழிபெயர்த்த மனிதரின் தூரிகைக்கு இராதையும் கண்ணனும் வாழ்நாள் முழுவதும் ஊற்றாக இருந்தார்கள். நூலை அவ்வளவு நெருங்கிப் படித்தபின் அவருக்கு எவருடைய படத்தையும் பார்த்து எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை. களனி விகாரையில் சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய சுவரோவியங்களும் அத்தகையன. பௌத்தர்களின் வரலாற்று நூல்கள் சொல்லும் சங்கமித்தையின் வருகை அங்கே சித்திரமாக நிற்கிறது. அயலவர் தம் நூலைப் படித்துத் தம் சுவரை அழகு செய்கிறார்கள். பார்த்து மகிழ்வோம், நாமும் செய்வோம்.

கொழும்பிலே 1877இல் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள், 1916இல் இராசபுத்திர ஓவியத்தைப் பற்றி எழுதிய பெருநூலில், அவ்வோவியங்களை வடநாட்டு மக்கள் மொழியிலே பிறந்த பக்திப் பாடல்களோடு சேர்த்தே விளக்கினார். அரசசபைச் சமஸ்கிருதம் மட்டுமன்று, குடிமக்கள் பாடிய பாட்டும் ஓவியத்துக்கு வித்தாகும் என்பது அதனால் விளங்கும். சம்மாந்துறையிலும் கல்முனையிலும் வாழும் நம் முஸ்லிம் சகோதரரின் மரபு வேறு. அவர்கள் மறைமொழிக்கு உருவம் தீட்டுவதில்லை. அந்த எழுத்தையே அழகிய கோலமாக்கிப் பள்ளிவாசல்களில் பொறிக்கிறார்கள். அங்கும் சொல்லே கலைக்கு மூலம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். நம்மிடம் என்ன இருக்கிறது?

முதலாவது, கண்ணகி வழக்குரை. பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1968இல் இதனைப் பதிப்பித்து அச்சேற்றினார். இளங்கோவடிகள் சொல்லாத பல செய்திகள் இதில் உள்ளன. அம்மன் மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். பேழையில் வைத்துக் கடலில் விடப்படுகிறாள். சிலம்புக்கு நாகமணி வேண்டி மீகாமன் கப்பலேறுகிறான். கடலோட்டும் போரும் வருகின்றன. முடிவிலே குளிர்ச்சி. அலைமேல் மிதந்து வரும் பேழையை ஓர் ஓவியன் நினைத்துப் பார்க்கட்டும். உள்ளே பின்னொரு நாள் ஊரை எரிக்கப்போகும் நெருப்பு இருக்கிறது, வெளியே தண்ணீர். சூல்கொண்ட கணம் இதைவிட வேறொன்று வேண்டுமா?

இரண்டாவது, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில். அங்கே பாரதம் ஏட்டிலே மட்டும் இல்லை. பாண்டவர் வனவாசம் போகிறார்கள், அருச்சுனன் தவநிலைக்கு ஏறுகிறான், முடிவில் தீமிதிப்பு. ஊரே காவியமாக நடக்கிறது. அதனைப் பார்க்கும் பிள்ளைக்கு வில்லும் மரவுரியும் எப்படி இருக்கும் என்று நாட்காட்டி சொல்லித்தரவேண்டிய தேவை இல்லை.

மூன்றாவது, நம் ஊர்ப் பிள்ளையாரின் ஐதிகம். சீர்பாததேவி ஏறிவந்த கப்பல் திருகோணமலைக் கடலிலே அசையாமல் நின்றதும், நீருக்குள்ளிருந்து பிள்ளையார் திருவுருவம் கிடைத்ததும், கப்பல் தடையின்றிக் கரைசேரும் இடத்தில் கோயில் எழுப்புவேன் என்று அவள் நேர்ந்ததும், இங்கே வந்து சேர்ந்ததும் இவ்வூர்க் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. நின்றுபோன கப்பலில் அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்திருக்கும்? காற்று வீசுகிறது, பாய் புடைத்திருக்கிறது, ஆனால் கப்பல் நகரவில்லை. இதனை வீரமுனைப் பிள்ளை ஒருவரே வரையவேண்டும்.

இக்கடமைக்குக் காரணமும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இக்கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்த நம் மக்கள் பலர் உயிர் இழந்தார்கள். ஊர் இடம்பெயர்ந்தது. அதனை இந்த அவையில் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. இங்கிருக்கும் பெரியோர் நெஞ்சில் அது இன்னும் ஆறவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறோம். அன்று வீட்டை விட்டுப் போனவர்கள் சுவரில் மாட்டிய சுவாமி படங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகவில்லை. கைக்குழந்தையைத் தூக்கவே கை போதவில்லை. 2004 டிசம்பரில் கடல் பொங்கியபோது கரையோரத்து வீடுகளிலும் அப்படியே. படங்கள் போயின. ஆனால் பாட்டு மனத்தில் இருந்ததால் போகவில்லை. பாட்டு இருந்தால் படத்தை மறுபடியும் வரைந்துகொள்ளலாம். பாட்டே போய்விட்டால், மிஞ்சிய படத்திலுள்ள பூனை யார் என்று சொல்ல ஆளிராது.

நம் அயலூராகிய காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் இதற்கு ஒரு பெரிய சான்று. வழக்கொழிந்துபோன யாழ் எப்படி இருந்தது என்று அவர் காலத்தில் எவரும் கண்டதில்லை. அடிகள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் பழம் பாடல்களையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். உறுப்பு உறுப்பாக, நரம்பு நரம்பாக அதன் உருவத்தைச் சொற்களிலிருந்தே மீட்டெடுத்தார். 1947இல் 'யாழ் நூல்' அரங்கேறியது. கண்ணுக்குப் புலனாகாத பொருளை நூலைப் படித்தே உருவாக்கலாம் என்று நம் மண்ணில் பிறந்தவரே செய்து காட்டியிருக்கிறார். ஓவியனுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

ஆகவே இளைஞர் மன்றத்தாருக்கும் பெரியோருக்கும் மூன்று விண்ணப்பங்கள் செய்து அமைகிறோம்.

ஒன்று: கோயிலிலே புராணபடனம் நடக்கும்போது சித்திரம் வரையும் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துங்கள். பயன் சொல்லும் பெரியவர்கள் அவர்களுக்கு விளங்கும்படி சற்று நிறுத்திச் சொல்லுங்கள். வழக்குரை தெரிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும்.

இரண்டு: மன்றம் சித்திரப் போட்டி வைக்கும்போது வெறும் பெயரைத் தலைப்பாகக் கொடாதீர்கள். ஒரு காதையைப் படித்துக் காட்டி, பிள்ளைகளைக் கேட்கச் செய்து, 'உன் மனத்தில் நின்ற ஒரு கணத்தை வரை' என்று சொல்லுங்கள். நடுவராக வருகிறவர்களும் அந்தக் காதையைப் படித்துவிட்டு வரட்டும். இதனை நமக்கே சொல்லிக்கொள்கிறோம்.

மூன்று: மன்றத்து வாசிகசாலையின் ஒரு சுவரையாவது வெறுமையாக வைத்திருங்கள். சீர்பாததேவியின் கப்பல் அதில் ஒருநாள் வந்து நிற்கட்டும். முதற் படம் கோணலாக இருக்கலாம். இருந்தாலும் அது நம் காதால் கேட்டு, நம் கையால் எழுதிய கோணல்.

போட்டியில் நாம் ஒதுக்கிய அச்சிறுமியை மறுமுறை காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. இந்நேரம் அவள் வளர்ந்த பெண்ணாக எங்கோ இருப்பாள். இந்த மலர் அவள் கையிற் கிடைக்குமாயின், "மகளே, உன் படமே கதைக்குப் பொருந்தியது, பிழை எங்களது" என்று இதன் வாயிலாகச் சொல்லிக்கொள்கிறோம். அவள் தூரிகையைக் கீழே வைக்காதிருக்கவேண்டும் என்று சிந்தாயாத்திரைப் பிள்ளையாரைப் பிரார்த்திக்கிறோம்.